ஒரு நாள், ஐந்து சீட்டு: இந்தோனேசியாவின் கூட்டுத் தேர்தல்கள்

2024 பிப்ரவரி 14 அன்று இந்தோனேசிய வாக்காளரின் கையில் ஐந்து வாக்குச்சீட்டுகள் தரப்பட்டன. சாம்பல் நிறம் அதிபருக்கு, மஞ்சள் மக்கள் பிரதிநிதிகள் அவைக்கு, சிவப்பு மாகாணப் பிரதிநிதிகள் அவைக்கு, நீலம் மாகாணச் சட்டமன்றத்துக்கு, பச்சை மாவட்ட அல்லது மாநகர மன்றத்துக்கு. மறைப்புக்குள் போய் ஒவ்வொன்றிலும் ஆணியால் துளையிட்டு, மடித்து, அதனதன் பெட்டியில் போட்டு, விரலை மையில் நனைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். முடிவுகள் வந்தபோது சாம்பல் சீட்டும் மஞ்சள் சீட்டும் வெவ்வேறு கதை சொல்லின. மேகாவதி சுகர்ணோபுத்ரியின் பி.டி.ஐ.பி. 16.72 சதவீதத்துடன் நாடாளுமன்றத்தில் முதல் கட்சி. அது நிறுத்திய கஞ்சார் பிரனோவோ 16.47 சதவீதத்துடன் மூன்று அதிபர் வேட்பாளர்களில் கடைசி. 58.59 சதவீதம் பெற்று அதிபரான பிரபோவோ சுபியாந்தோவின் கெரிந்த்ரா கட்சிக்கு நாடாளுமன்றத் தேர்தலில் கிடைத்தது 13.22 சதவீதம், மூன்றாவது இடம்.

அதிபர் தேர்தலையும் நாடாளுமன்றத் தேர்தலையும் ஒரே நாளில் வைத்தால் இப்படி நடக்காது என்றுதான் சொல்லப்பட்டது. அதிபர் ஆட்சிமுறை உள்ள நாடுகளில் மக்கள் இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர்க் கைகளில் சிக்கினால் வரவுசெலவுத் திட்டம் முதல் நீதிபதி நியமனம் வரை எல்லாம் முடங்கும். ஒரே நாளில் வாக்களித்தால் அதிபர் வேட்பாளரின் செல்வாக்கு அவர் கட்சியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், சிறு கட்சிகள் உதிரும், வென்றவருக்கு நாடாளுமன்றத்தில் பலம் கிடைக்கும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. செலவும் நேரமும் மிச்சம் என்பது நிர்வாகிகளின் எதிர்பார்ப்பு. நாடாளுமன்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கட்சிகள் அதிபர் பதவிக்குப் பேரம் பேசுவது நிற்கும் என்பது சீர்திருத்தவாதிகளின் எதிர்பார்ப்பு. இந்த மூன்றையும் ஒரே நாட்டில் உரசிப் பார்க்க இந்தோனேசியாவைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. முதலில் பிரித்து நடத்தி, பிறகு சேர்த்து நடத்தி, இப்போது வேறுவிதமாகப் பிரிக்கப்போகிற நாடு அது.

சுகார்த்தோ காலத்தில் அதிபரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் ஆலோசனைப் பேரவை தேர்ந்தெடுத்தது. அவர் வீழ்ந்த பின் 1999 ஜூனில் நடந்த சுதந்திரமான தேர்தலில் மேகாவதியின் கட்சி சுமார் 34 சதவீதம் பெற்று முதலில் வந்தது. ஆனால் அக்டோபரில் பேரவை கூடியபோது, ஏறக்குறைய 13 சதவீத வாக்கு மட்டுமே பெற்ற கட்சியின் தலைவர் அப்துர்ரஹ்மான் வாஹித் 373-க்கு 313 என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தார். மற்ற கட்சிகள் திரைமறைவில் சேர்ந்ததன் விளைவு அது. அப்படிச் சேர்ந்தவர்களே 2001 ஜூலையில் வாஹிதைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். இந்தக் கசப்பிலிருந்துதான் 2001-இன் மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தமும், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் பிறந்தன.

2004, 2009, 2014 ஆகிய மூன்று முறையும் ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல், ஜூலையில் அதிபர் தேர்தல். ஏப்ரல் முடிவைப் பார்த்துத்தான் யார் அதிபர் வேட்பாளரை நிறுத்தலாம் என்பதே முடிவாகும். 2004-இல் இந்த வரம்பு எளிதாக இருந்தது. அதனால்தான் வெறும் 7.45 சதவீத வாக்கு பெற்ற புதிய கட்சியின் சுசீலோ பம்பாங் யுதயோனோ களத்தில் இறங்கி, செப்டம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்க முடிந்தது. 2008-இல் வரம்பு உயர்த்தப்பட்டது: அவையில் 20 சதவீத இடம் அல்லது தேசிய வாக்கில் 25 சதவீதம். தனியாக அதை எட்டும் கட்சிகள் மிகச் சில. ஆகவே ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையிலான வாரங்கள் ஜகார்த்தாவில் கட்சித் தலைவர்களின் சந்தைக் காலமாகிவிட்டன.

இந்தச் சந்தையை எதிர்த்து எஃபெண்டி கஸாலி என்ற கல்வியாளர் அரசியல் சட்ட நீதிமன்றம் போனார். அதிபர் வேட்பாளர்களைக் கட்சிகள் ‘பொதுத் தேர்தல் நடப்பதற்கு முன்’ முன்மொழிய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 6ஏ பிரிவு. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த பிறகு முன்மொழிவது எப்படி அதற்குப் பொருந்தும்? 2014 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டுத் தேர்தல் வேலைகள் நெடுந்தூரம் போய்விட்டதால், புதிய முறை 2019 முதல் அமலாகும் என்றது.

இங்கே ஒரு கோணல் நுழைந்தது. பேரத்தின் வேர் வேட்பாளர் வரம்பில் இருந்தது, தேதியில் அல்ல. தேதியை மாற்றிய நாடாளுமன்றம் 2017-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்தில் வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. இரண்டு தேர்தலும் ஒரே நாளில் என்றால் எந்த முடிவைக் கொண்டு 20 சதவீதத்தை அளப்பது? முந்தைய தேர்தலின் முடிவைக் கொண்டு என்றது சட்டம். 2014-இல் ஊர் மன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் மனத்தில் வைத்துத் துளையிட்ட வாக்கு, ஐந்தாண்டு கழித்து அதிபர் வேட்பாளரை வடிகட்டப் பயன்பட்டது. அன்று வாக்குரிமையே இல்லாத இளைஞர்களுக்கு அதில் பங்கு இல்லை. புதிதாகத் தொடங்கிய கட்சிகளுக்கும் இல்லை. விளைவு: 2014-இல் மோதிய அதே ஜோகோ விடோடோவும் (ஜோகோவி) அதே பிரபோவோவும் 2019-இலும் மோதினார்கள், வேறு யாருமில்லாமல். நாடு இரண்டு முகாமாகப் பிளந்தது. ஜோகோவி 55.5 சதவீதத்துடன் வென்ற பின் மே மாதம் ஜகார்த்தாவில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. அக்டோபரில் பிரபோவோ அதே ஜோகோவியின் பாதுகாப்பு அமைச்சராகப் பதவியேற்றார். தெருவில் அடிபட்டவர்கள் இதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

2019 ஏப்ரல் 17 அன்று வாக்குச்சாவடிகளில் நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கூட்டுத் தேர்தலைப் பற்றி மேலிருந்து பேசுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். பதிவு செய்த வாக்காளர்கள் 19 கோடிக்கு மேல். ஐந்து சீட்டு கொடுத்தால் ஒருவர் உள்ளே நிற்கும் நேரம் கூடும் என்பதால் ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 300 பேர் என்று குறைத்தார்கள். சாவடிகள் 8 லட்சத்தைத் தாண்டின. 2014-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சுமார் 5.45 லட்சம், அதிபர் தேர்தலுக்குச் சுமார் 4.78 லட்சம். கூட்டிப் பார்த்தால் இரண்டு நாளுக்கு வேண்டிய சாவடிகள் 10 லட்சத்துச் சொச்சம். ஒரே நாளுக்கு 8.1 லட்சம். சிக்கனம் உண்டுதான், ஆனால் மேடையில் சொல்லப்பட்ட ‘பாதிச் செலவு’ இல்லை.

ஒவ்வொரு சாவடிக்கும் ஏழு ஊழியர்கள். அவர்கள் அரசு அலுவலர்கள் அல்லர்; அந்தத் தெருவின் ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்றவர், இல்லத்தரசி. ஊதியம் மொத்தமே சுமார் 5 லட்சம் ரூபியா. காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கும். அதற்கு முந்தைய இரவே கூடாரம் போட்டு, சீட்டுகளை எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும். பகல் ஒரு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அங்கேயே, ஊர் பார்க்க, எண்ணிக்கை. ஒவ்வொரு சீட்டையும் விரித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, துளை எங்கே என்று உரக்கச் சொல்லி, செல்லும் செல்லாது என்று அறிவித்து, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் கோடு இழுக்க வேண்டும். அதிபர் சீட்டு சீக்கிரம் முடிந்துவிடும், இரண்டே பெயர். அடுத்து வருவது மஞ்சள் சீட்டு: தேசிய அளவில் 16 கட்சிகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் வரை. பிறகு சிவப்பு, நீலம், பச்சை. முடிந்த பின் கட்சி முகவர் ஒவ்வொருவருக்கும் கையால் எழுதிய படிவ நகல்கள். அன்றைக்குள் முடிக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், மார்ச் மாதமே நீதிமன்றம் கூடுதலாக 12 மணி நேரம் அனுமதித்திருந்தது. அந்த அனுமதியின் நடைமுறைப் பொருள், தூங்காமல் மறுநாள் பகல் வரை உட்கார்ந்திருப்பது.

அடுத்த வாரங்களில் மரணச் செய்திகள் வரத் தொடங்கின. தேர்தல் ஆணையத்தின் கணக்கில் 894 ஊழியர்கள் இறந்தார்கள், 5,175 பேர் நோயுற்றார்கள். விஷம் வைத்தார்கள், முறைகேட்டை மறைக்கக் கொன்றார்கள் என்றெல்லாம் வதந்தி. யோக்யகர்த்தாவின் கஜா மாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில் இதயநோய் போன்ற இயற்கைக் காரணங்களும் மிதமிஞ்சிய வேலைச்சுமையுமே தெரிந்தன. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தினால் அவர்களில் சிலர் அந்த நாட்களில் எப்படியும் இறந்திருப்பார்கள் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 2024-இல் வயது வரம்பை 55 ஆக வைத்து, உடல் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, ஊதியத்தை இரட்டிப்புக்கு மேல் உயர்த்தியபோது மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அப்போதும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

சீட்டுகளின் மறுபக்கத்தையும் பார்க்கலாம். ஒரே நாள் என்பதால் வாக்குப்பதிவு உயர்ந்தது. இது கூட்டுத் தேர்தலின் மறுக்க முடியாத ஆதாயம். 2014 அதிபர் தேர்தலில் 70 சதவீதத்தை எட்டாத பதிவு 2019-இல் 81 சதவீதத்தைக் கடந்தது. ஆனால் வந்தவர்கள் எந்தச் சீட்டுக்காக வந்தார்கள் என்பது செல்லாத வாக்குகளில் தெரிகிறது. 2019-இல் சாம்பல் சீட்டில் செல்லாதவை 2.38 சதவீதம். மஞ்சளில் 11 சதவீதம். கட்சிச் சின்னம் எதுவுமின்றி வேட்பாளர்களின் படங்கள் மட்டும் அணிவகுத்து நின்ற சிவப்புச் சீட்டில் 19 சதவீதம், அதாவது ஏறத்தாழ மூன்று கோடி. அதிபர் பெயரில் துளையிட்ட அதே ஆணி அடுத்த சீட்டில் வெறுமனே நின்றிருக்கிறது. பிரச்சாரத்தின் ஆறு மாதமும் தொலைக்காட்சி ஜோகோவி, பிரபோவோ என்ற இரண்டு பெயரைச் சுற்றியே ஓடியது. மாவட்ட மன்றத்தின் சாலையும் சாக்கடையும் யார் காதிலும் விழவில்லை.

முதல் வாக்குறுதிக்கு, அதாவது அதிபருக்கு நாடாளுமன்றப் பலம் என்பதற்கு வருவோம். ஜோகோவி 2014-இல் பதவியேற்றபோது அவரை ஆதரித்த கட்சிகளிடம் 560 இடங்களில் 37 சதவீதம்தான் இருந்தது. 2019-இல் அவரது கூட்டணி 575-இல் 349 இடம் பெற்றது. ஆதரவாளர்கள் இதைக் கூட்டுத் தேர்தலின் வெற்றியாகக் காட்டினார்கள். எனக்கு அது ஏற்புடையதாகத் தெரியவில்லை. பி.டி.ஐ.பி.யின் வாக்கு 18.95-இலிருந்து 19.33 ஆகத்தான் நகர்ந்தது. கெரிந்த்ரா 11.81-இலிருந்து 12.57. சொந்த அதிபர் வேட்பாளர் இல்லாத நாஸ்டெம் கட்சி இவை இரண்டையும்விட அதிகமாக வளர்ந்தது. பெரும்பான்மையைத் தந்தது கோல்காரும் பி.பி.பி.யும், அவை இரண்டும் 2016-க்குள், அமைச்சர் பதவிகளுக்கு ஈடாக, ஜோகோவி பக்கம் வந்துவிட்டவை. மக்கள் வாக்களிக்கும் முன்பே பெரும்பான்மை தயார். மறுபுறம், தனித்தனியாகத் தேர்தல் நடந்த காலத்தில்தான் யுதயோனோவின் கட்சி 7.45 சதவீதத்திலிருந்து 2009-இல் 20.85 சதவீதத்துக்குத் தாவியது.

2024 இதை இன்னும் அப்பட்டமாக்கியது. பிரபோவோவை ஆதரித்த நான்கு நாடாளுமன்றக் கட்சிகளுக்கும் சேர்த்து 580-இல் 280 இடம். பெரும்பான்மைக்கு 11 குறைவு. பி.டி.ஐ.பி.யின் கோட்டையான மத்திய ஜாவாவிலும் பாலியிலும் மக்கள் கட்சிக்கு ஒரு துளை, பிரபோவோவுக்கு ஒரு துளை என்று பிரித்துப் போட்டார்கள். பி.டி.ஐ.பி.யின் ஆளான ஜோகோவி, தன் மகன் கிப்ரானைப் பிரபோவோவின் துணை அதிபர் வேட்பாளராக நிற்க விட்டதே காரணம். கிப்ரானுக்கு வயது போதவில்லை என்ற தடையை நீக்கிய அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பில் பங்கேற்ற தலைமை நீதிபதி அன்வர் உஸ்மான், ஜோகோவியின் தங்கை கணவர். நெறிமுறைக் குழு அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது, ஆனால் தீர்ப்பு நிலைத்துவிட்டது. தேர்தலுக்குப் பிறகு, எதிர்த்துப் போட்டியிட்ட கட்சிகளில் பலவும் ஒவ்வொன்றாக அரசு பக்கம் நகர, அமைச்சர்களும் துணை அமைச்சர்களுமாக நூறு பேருக்கு மேற்பட்ட அமைச்சரவை அமைந்தது. நாடாளுமன்றப் பலம் கிடைத்தது. ஆனால் அதைக் கொடுத்தது வாக்குப்பதிவு நாள் அல்ல.

இழுவிசை ஏன் வேலை செய்யவில்லை? விடை மஞ்சள் சீட்டிலேயே இருக்கிறது. இந்தோனேசியாவில் வேட்பாளருக்குக் கிடைக்கும் சொந்த வாக்கே கட்சிக்குள் யார் வெல்வது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே வேட்பாளரின் முதல் எதிரி எதிர்க்கட்சிக்காரர் அல்லர், பக்கத்து எண்ணில் நிற்கும் சொந்தக் கட்சிக்காரர். அதிபர் வேட்பாளரின் படத்தைப் போடுவதால் லாபமில்லாத தொகுதியில் அவர் அதைப் போடமாட்டார். அரிசி, தலைமுக்காடு, வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில் வீடு தேடி வரும் உறை ஆகியவற்றை நம்புவார். அந்த உறைக்கு அங்கே ‘வைகறைத் தாக்குதல்’ என்றே பெயர். தமிழ் வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பிரேசிலின் நிலைமை வேறு. அங்கே மின்னணு இயந்திரத்தில் வேட்பாளரின் எண் கட்சி எண்ணில்தான் தொடங்கும். 2018-இல் ஜெய்ர் போல்சனாரோவின் 17-ஐ அழுத்திய கை, நாடாளுமன்றத்துக்கும் 17 என்றே அழுத்த முடிந்தது. நான்காண்டுகளுக்கு முன் ஒரே இடம் வென்றிருந்த அவரது கட்சி 52 இடங்களுக்குப் பாய்ந்தது. சீட்டின் அமைப்பு, வேட்பாளர் விதி, கட்சியின் உள்கட்டு ஆகியவை செய்வதைத் தேதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கானாவுக்குக் கூட்டுத் தேர்தல் வேறு காரணத்தால் தேவைப்பட்டது. 1992 நவம்பரில் ஜெர்ரி ராலிங்ஸ் அதிபர் தேர்தலில் வென்றதும், முறைகேடு என்று சொல்லி எதிர்க்கட்சிகள் டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன; 200 இடங்களில் 189 ஆளுங்கட்சிக்கே போயின. எதிர்க்கட்சியே இல்லாத அவை. 1996 முதல் இரண்டும் ஒரே நாள், இரண்டே சீட்டு. மக்கள் பிரித்துப் போடுவதைப் ‘பாவாடை-சட்டை’ வாக்கு என்பார்கள் அங்கே. 2020-இல் அப்படித்தான் அதிபருக்கு 51 சதவீதமும் அவையில் 137-க்கு 137 என்ற சமநிலையும் வந்தன. துருக்கி, 2017 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டையும் ஒன்றாகக் கட்டியது. 2023 மே 14 அன்று அதிபர் எர்துவான் 50 சதவீதத்தைத் தொடாமல் நின்றார், ஆனால் அவர் கூட்டணி 600-இல் 323 இடம் பெற்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து நடந்த இரண்டாம் சுற்றில், நாடாளுமன்றம் எங்களிடம், அதிபரும் எங்களிடமே இருக்கட்டும் என்ற பேச்சு அவருக்குக் கைகொடுத்தது.

இலங்கை இதற்கு நேர்மாறான சோதனை. 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம் பெற்று அதிபரானார். உடனே நாடாளுமன்றத்தைக் கலைத்து நவம்பர் 14 அன்று தேர்தல் வைத்தார். 3 இடம் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடம் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்குச் செப்டம்பரில் கிடைத்தது ஏழு சதவீதம் அளவு. 54 நாள் கழித்து அதே மாவட்டத்தில் அவர் கட்சி முதலிடம், ஆறில் மூன்று இடம். ஒரே நாளில் நடந்திருந்தால் அப்படி நடந்திருக்க வழியே இல்லை. வென்றவர் யாரென்று தெரிந்த பிறகு போடும் வாக்கு வேறு. தோற்றவர்களின் ஆதரவாளர்கள் சோர்ந்து வீட்டில் இருந்துவிடுவதும் கணக்கில் சேரும்: வாக்குப்பதிவு 79-இலிருந்து 69 சதவீதத்துக்கு விழுந்தது. அதிபருக்குப் பெரும்பான்மை வேண்டும் என்பது மட்டுமே குறிக்கோள் என்றால், கூட்டுத் தேர்தலைவிட, அதிபர் தேர்தலை முதலில் நடத்திச் சூடு ஆறும் முன் நாடாளுமன்றத் தேர்தல் வைப்பதே பலிக்கும் வழி. அந்தப் பெரும்பான்மை நல்லதா என்பது வேறு கேள்வி. 2020-இல் ராஜபக்ச சகோதரர்களுக்கும் இதே வழியில்தான் 145 இடம் கிடைத்தது.

இந்தியாவில் ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ குறித்து ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில் பார்வைக்கு எடுத்த நாடுகளில் இந்தோனேசியாவும் ஒன்று. அதிபர் பதவிக்காலம் உறுதியாக நிற்கும் நாட்டின் கால அட்டவணையை, எந்த நாளும் அரசு கவிழக்கூடிய நாடாளுமன்ற முறைக்கு எடுத்து வருவது அவ்வளவு எளிதல்ல என்பது ஒருபுறம். அறிக்கைக்குப் பிறகு அந்த எடுத்துக்காட்டே மாறிவிட்டது என்பது இன்னொரு புறம்.

2025 ஜனவரி 2 அன்று இந்தோனேசிய அரசியல் சட்ட நீதிமன்றம், யோக்யகர்த்தாவின் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் தொடுத்த வழக்கில், 20 சதவீத வேட்பாளர் வரம்பை நீக்கியது. முன்பு முப்பதுக்கும் மேற்பட்ட மனுக்களைத் தள்ளிய நீதிமன்றம் அது. ஜூன் 26 அன்று இன்னொரு தீர்ப்பு: 2029 முதல் அதிபர், மக்கள் பிரதிநிதிகள் அவை, மாகாணப் பிரதிநிதிகள் அவை ஆகிய மூன்றுக்கும் ஒரு தேர்தல்; இரண்டு முதல் இரண்டரை ஆண்டு கழித்து ஆளுநர், மாவட்டத் தலைவர், மாகாண-மாவட்ட மன்றங்களுக்குத் தனித் தேர்தல். ஐந்து சீட்டு மூன்றாகிறது. வாக்காளருக்குச் சோர்வு, கட்சிகளுக்கு ஆள் தேடும் அவசரம், உள்ளூர்ப் பிரச்சினைகள் அமுங்கிப்போவது என்று நீதிமன்றம் சொன்ன காரணங்கள், 2019-இன் செல்லாத சீட்டுகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. சேர்ப்பதா பிரிப்பதா என்பதைவிட எதை எதோடு சேர்ப்பது என்ற கேள்விக்கு அந்நாடு வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே சரியான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இரண்டு தீர்ப்புகளும் சேர்ந்து புதிய சிக்கல்களைக் கொண்டு வருகின்றன. 2024-இல் தேர்ந்தெடுத்த மாகாண, மாவட்ட மன்றங்களின் ஐந்தாண்டு 2029-இல் முடிகிறது. அடுத்த தேர்தல் 2031-இல் என்றால் இடைக்காலத்தில் அவர்கள் பதவியை நீட்டிப்பதா? அரசியல் சட்டத்தின் 22இ பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்கிறது, பெரிய கட்சிகள் அதைக் காட்டியே தீர்ப்பை எதிர்க்கின்றன. வரம்பு போனதால் அதிபர் வேட்பாளர்கள் பெருகுவார்கள். பாதிக்கு மேல் வாக்கும், பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் குறைந்தது 20 சதவீதமும் முதல் சுற்றிலேயே ஒருவருக்குக் கிடைப்பது கடினம். அப்படியானால் இரண்டாம் சுற்று வரும். அதற்கு முன் நாடாளுமன்ற முடிவு எல்லோர் கையிலும் இருக்கும். தோற்ற வேட்பாளர்களின் கட்சிகள் எத்தனை இடம் வைத்திருக்கின்றன என்று பார்த்து விலை பேசும் வாரங்கள் மறுபடி வரும். எஃபெண்டி கஸாலி 2013-இல் ஒழிக்கச் சொல்லி வழக்குப் போட்டது அந்த வாரங்களைத்தான்.